இந்தப் பெண்குதிரைக்கு எந்தப் பொலிகுதிரை?

1934-ஆம் ஆண்டின் இணைசேர்ப்புப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் பந்தயக் குதிரைப் பண்ணை நடத்திவந்த ஃபெடெரிகோ டெசியோ, தன்னுடைய நொகாரா என்ற பெண்குதிரைக்கு ஃபேர்வேதான் பொருத்தம் என்று முடிவு செய்திருந்தார். இங்கிலாந்தில் டெர்பி பிரபுவின் பண்ணையில் நின்ற ஃபேர்வே, 1928-இல் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்ற குதிரை. ஆனால் அந்தப் பருவத்தில் அதனிடம் வர வேண்டிய பெண்குதிரைகளின் பட்டியல் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஃபேர்வேயின் அண்ணன் ஃபாரோஸ் பிரான்சில் நின்றது. அதே தாய், அதே தகப்பன்; பந்தயத்தில் தம்பி அளவுக்குப் பெயர் வாங்கியதில்லை. வேறு வழியில்லாமல் டெசியோ நொகாராவை நார்மண்டிக்கு அனுப்பினார்.

1935 ஜனவரி 24 அன்று பிறந்த குட்டிக்கு நியார்கோ என்று பெயர் வைத்தார்கள். அது 14 முறை ஓடியது. 14 முறையும் வென்றது. இன்று உலகின் புல்தரைப் பந்தயங்களில் ஓடும் குதிரைகளில் நியார்கோவின் ரத்தம் கலக்காத ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெண்குதிரைக்கு எந்தப் பொலிகுதிரையைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளாகப் பிரபுக்கள், படைவீரர்கள், கணக்கர்கள், மரபணு ஆய்வாளர்கள் எனப் பலரும் விடை தேடியிருக்கிறார்கள். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் நிற்பது எப்போதும் ஆண் குதிரையின் பெயர். இந்தத் தொழிலின் வரலாற்றைப் புரட்டினால், பெரிய திருப்பங்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் தன் பெண்குதிரையை நன்றாக அறிந்திருந்தார் என்பது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

இந்தப் பந்தய இனத்துக்குத் தரோபிரெட் என்று பெயர். இன்றுள்ள தரோபிரெட் ஆண் குதிரைகள் அனைத்தின் தந்தைவழியும் மூன்று கீழைநாட்டுக் குதிரைகளில் போய் முடியும். ராபர்ட் பையர்லி என்ற தளபதி 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் போரில் ஏறிச்சென்ற பையர்லி துருக்கி ஒன்று. தாமஸ் டார்லி என்ற வணிகர் 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து யார்க்ஷயருக்கு அனுப்பிய டார்லி அரபி இன்னொன்று. பிரான்ஸ் வழியாக வந்து சேர்ந்த கொடால்ஃபின் அரபி மூன்றாவது. இவற்றுள் டார்லி அரபியின் தந்தைவழியே சுமார் 95 விழுக்காடு குதிரைகளில் தொடர்கிறது.

கொடால்ஃபின் அரபியைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் அருகே ஒரு பண்ணையில் அதற்குக் கிடைத்த வேலை, பெண்குதிரை இணைக்கு ஆயத்தமா என்று சோதித்துப் பார்க்கும் துணைக் குதிரை வேலைதான். ராக்சானா என்ற பெண்குதிரைக்கு ஹாப்காப்ளின் என்ற பெயர்பெற்ற குதிரையைத் தேர்ந்திருந்தார்கள். ஹாப்காப்ளின் மறுத்ததால் அரபிக்கு வாய்ப்புக் கிடைத்தது என்றும், இரண்டும் சண்டையிட்டு அரபி வென்றது என்றும் இரு விதமாகச் சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், 1732-இல் ராக்சானாவுக்குப் பிறந்த லாத் அக்காலத்தின் தலைசிறந்த ஓட்டக்குதிரைகளில் ஒன்றாகியது. அதன் பிறகே அரபியின் மதிப்பு உயர்ந்தது.

அந்நாளில் தேர்வு என்பது பெரும்பாலும் பக்கத்து ஊர் விவகாரம். பெண்குதிரையை நாள்கணக்கில் நடத்தியே கூட்டிப்போக வேண்டும். எட்டும் தூரத்தில் எது நல்ல குதிரையோ அதுதான் மாப்பிள்ளை. தோற்ற குதிரையின் மகன் வெல்லும்போது கணக்குகள் ஒரே இரவில் மாறின. 1764-இல் சூரிய கிரகணத்தன்று பிறந்ததாகச் சொல்லப்படும் எக்லிப்ஸ், ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்காத குதிரை. அதன் தகப்பன் மார்ஸ்க், கம்பர்லண்ட் டியூக் இறந்தபின் நடந்த ஏலத்தில் சொற்ப விலைக்குப் போனது. மகன் ஓடத் தொடங்கியதும் அதே மார்ஸ்க்கைத் தேடி உரிமையாளர்கள் அலைந்தார்கள்.

யாருக்கு யார் பிறந்தது என்பதில் ஏமாற்றும் மறதியும் மலிந்திருந்ததால், ஜேம்ஸ் வெதர்பி என்பவர் 1791-இல் பழைய ஏடுகளையும் பண்ணைக் குறிப்புகளையும் திரட்டி வம்சாவளிப் பதிவேட்டுக்கு முன்னோட்டமாக ஒரு நூலை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்த பொதுப் பதிவேட்டில் குட்டிகள் தாயின் பெயருக்குக் கீழேதான் வரிசையாக எழுதப்பட்டன. ஒரு பெண்குதிரை எந்தெந்த ஆண்டில் எதனோடு சேர்ந்து என்ன ஈன்றது, எந்த ஆண்டு சினை பிடிக்கவில்லை என்பதை ஒரே இடத்தில் படிக்க முடிந்தது. தேர்வு என்பது ஒரு படிப்பாக மாறியதற்கு இந்தப் பதிவேடே அடித்தளம்.

அந்தப் படிப்பின் முதல் பெரிய பாடம் செயின்ட் சைமன். 1881-இல் பிறந்த இந்தக் குதிரையை, அதன் உரிமையாளர் இறந்ததால் போர்ட்லண்ட் டியூக் 1,600 கினிக்கு வாங்கினார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். செயின்ட் சைமன் ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை. பொலிகுதிரையாக நின்றபோது, குட்டிகள் வென்ற பரிசுத் தொகையில் ஒன்பது ஆண்டுகள் இங்கிலாந்தின் முதலிடம் அதற்கே. வேல்ஸ் இளவரசரின் பெர்டிட்டா என்ற பெண்குதிரையோடு சேர்ந்து, 1896-இல் டெர்பி பந்தயத்தை வென்ற பெர்சிமனையும் 1900-இல் இரண்டாயிரம் கினி, டெர்பி, செயின்ட் லெஜர் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற டயமண்ட் ஜூபிலியையும் தந்தது. எல்லோரும் செயின்ட் சைமனையும் அதன் மகன்களையும் நாடினார்கள். இருபது ஆண்டுகளில் இங்கிலாந்தின் நல்ல பெண்குதிரைகளில் பெரும்பகுதி அதன் மகள்களும் பேத்திகளுமாக இருந்தன. மகன்களுக்குச் சேர்க்க உறவில்லாத பெண் அரிதானது. இங்கிலாந்தில் அந்தத் தந்தைவழி சில பத்தாண்டுகளில் தேய்ந்துபோனது.

அதே காலத்தில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர் பதிவேட்டைத் தலைகீழாகப் படித்தார். ஒவ்வொரு குதிரையின் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் போய்ப் பதிவேட்டின் முதல் பெண்குதிரைகளை எட்டினார். டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் பந்தயங்கள் மூன்றையும் அதிகம் வென்ற தாய்வழிக்கு எண் 1, அடுத்ததற்கு எண் 2 என்று 43 குடும்பங்களுக்கு எண் கொடுத்தார். 1894-இல் அவர் இறந்துவிட, மறு ஆண்டு நூல் வெளிவந்தது. இந்த எண்ணை வைத்தே இணை தேடலாம் என்று அவர் போட்ட விதிகள் நிலைக்கவில்லை. தாய்வழிக்குக் கொடுத்த எண்கள் மட்டும் நிலைத்தன. விற்பனைப் பட்டியல்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

காகிதத்தில் போட்ட கணக்கு பண்ணையில் எப்படி நிறைவேறுகிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இன்றும் அனுமதி இல்லை. நேரடி இணைசேர்ப்பு மட்டுமே செல்லும். வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஜனவரி 1 பிறந்தநாள். சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். டிசம்பர் கடைசியில் பிறந்துவிட்ட குட்டி சில நாளிலேயே ஒரு வயதுக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், பிப்ரவரி நடுவில்தான் பருவம் தொடங்கும்.

பெண்குதிரை சூட்டுக்கு வந்திருக்கிறதா என்று அறிய, துணைக் குதிரையை ஒரு கனமான பலகைக்கு அந்தப் பக்கம் நிறுத்துவார்கள். நாள் சரியில்லை என்றால் பெண்குதிரை காதை மடக்கி, பலகை அதிர உதைக்கும். சரியான நாளானால் வாலைத் தூக்கிப் பலகையில் சாய்ந்து நிற்கும். அதற்குப் பிறகே அதைக் கொட்டகைக்கு நடத்துவார்கள். வாலில் துணி சுற்றி, பின்னங்கால் குளம்புகளில் கனத்த கம்பளிச் செருப்பு மாட்டுவார்கள்; விலையுயர்ந்த பொலிகுதிரையின் மேல் ஒரு உதை விழுந்தால் பண்ணையே நொடித்துவிடும். ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்க, இன்னொருவர் பொலிகுதிரையைக் கொண்டுவருவார். சில நிமிட வேலை. துணைக் குதிரைக்கு அதில் பங்கில்லை. அது மறுபடியும் தன் கொட்டிலுக்குப் போய்விடும்.

அப்படிப்பட்ட ஒரு துணைக் குதிரைக்கு 1904-இல் இங்கிலாந்தின் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில் எதிர்பாராத யோகம் அடித்தது. எதுவார்தோ ஜினிஸ்ட்ரெல்லி நேப்பிள்ஸிலிருந்து வந்து குடியேறிய குதிரைப் பிரியர். அவருடைய சின்யோரினா, செயின்ட் சைமனின் மகள். இரண்டு வயதில் ஓடிய ஒன்பது பந்தயங்களையும் வென்றது. பண்ணைக்கு வந்தபின் பல ஆண்டுகள் அதற்குக் குட்டி இல்லை. உயர்ந்த கட்டணம் கட்டிச் சிறந்த குதிரைகளிடம் கொண்டுபோனது பெரும்பாலும் வீண். அந்தப் பக்கம் நடத்திச்செல்லப்பட்ட ஷாலெரோ என்ற மலிவான துணைக் குதிரை, சின்யோரினாவைப் பார்த்தாலே கனைத்து நகர மறுத்ததாகவும் சின்யோரினா வேலியோரம் வந்து நின்றதாகவும் சொல்வார்கள். இரண்டுக்கும் பிடித்திருக்கிறது, சேர்த்துவிடுவோம் என்று ஜினிஸ்ட்ரெல்லி முடிவெடுத்தார். நியூமார்க்கெட் சிரித்தது.

1905-இல் பிறந்த சின்யோரினெட்டா, 1908-இல் ஒன்றுக்கு நூறு என்ற விகிதத்தில் டெர்பியை வென்றது. இரண்டே நாள் கழித்துப் பெண்குதிரைகளுக்கான ஓக்ஸ் பந்தயத்தையும் வென்றது. இது காதல் கதையாகவே காலமெல்லாம் சொல்லப்பட்டுவருகிறது. ஆனால் சின்யோரினா தானே முதல்தரமான ஓட்டக்காரி; அதற்கு முன்பு பெஸ்ட் மேன் என்ற குதிரையின் மூலம் அது ஈன்ற சின்யோரினோவும் 1905 டெர்பியில் மூன்றாவதாக வந்திருந்தது. நல்ல தாய், சாதாரணத் தகப்பனிடமிருந்தும் நல்ல குட்டியை வாங்கிவிடும் என்பதற்கு அந்தப் பண்ணையே சாட்சி.

இதயத்தை நம்பிய ஜினிஸ்ட்ரெல்லிக்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர் வுயியே என்ற பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி. பெரும் வெற்றியாளர்களின் வம்சாவளியைப் பன்னிரண்டு தலைமுறை பின்னோக்கி விரித்து எழுதினார். பன்னிரண்டாம் தலைமுறையில் மட்டும் ஒரு குதிரைக்கு 4,096 முன்னோர் இடங்கள் வரும். அந்த இடங்களில் சில பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். ஒரு பெண்குதிரையிடம் அந்தப் பெயர்களில் எது குறைகிறதோ அதை ஈடுகட்டும் பொலிகுதிரையைத் தேர வேண்டும் என்பது அவர் முறை. கராச்சியில் பிறந்த குதிரை வளர்ப்பாளர் மூன்றாம் ஆகா கான் அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டார். வுயியே மறைந்த பிறகு அவருடைய மனைவி அந்தக் கணக்குகளைத் தொடர்ந்தார்.

ஆகா கானின் செல்வம் கணக்கில் மட்டும் இல்லை. அவர் வாங்கிய பெண்குதிரைகளில் இருந்தது. 1922-இல் 9,100 கினிக்கு வாங்கிய வெண்சாம்பல் நிறக் குட்டிக்கு மும்தாஜ் மஹால் என்று பெயரிட்டார். குறுந்தூரத்தில் அதன் வேகத்தைப் பார்த்தவர்கள் பறக்கும் குதிரை என்றார்கள். நீண்ட தூரம் ஓடும் திறன் அதற்கு இல்லை. எனவே அதற்கும் அதன் மகள்களுக்கும் ஒன்றரை மைல் தாங்கும் பொலிகுதிரைகளைத் தேர்ந்தார்கள். மகள் மாஹ் மஹாலை 1930 டெர்பி வென்ற பிளென்ஹைமிடம் சேர்த்தபோது பிறந்த மஹ்மூத் 1936 டெர்பியை வென்றது. மற்றொரு மகள் மும்தாஜ் பேகத்தை நியார்கோவிடம் சேர்த்தபோது நஸ்ருல்லா பிறந்தது. வேகம் தாயிடம், தாக்குப்பிடிக்கும் திறன் தகப்பனிடம் என்ற இந்தச் சமன்பாட்டை இன்றைய வளர்ப்பாளர்களும் கைவிடவில்லை.

இனி டெசியோவிடம் திரும்பலாம். 1869-இல் டூரினில் பிறந்த அவர், 1898-இல் மனைவி லீடியாவோடு டொர்மெல்லோ பண்ணையைத் தொடங்கினார். இங்கிலாந்துப் பிரபுக்களிடம் இருந்த பணம் அவரிடம் இல்லை. போர்க்காலமான 1915-இல் நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்னிப் என்ற பெண்குதிரையை வெறும் 75 கினிக்கு வாங்கினார். அது பந்தயத்தில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ஆனால் அதன் தாய் சிபோலா, இங்கிலாந்தின் ஆயிரம் கினி பந்தயத்தை 1899-இல் வென்ற குதிரை. கேட்னிப்பின் மகள்தான் நொகாரா. சிறிய உடல், துள்ளும் வேகம். இத்தாலியில் ஒரு மைல் தூரத்துப் பெரும் பந்தயங்கள் இரண்டையும் வென்றது.

டெசியோவின் வழக்கமே தனி. சொந்தப் பொலிகுதிரையைப் பண்ணையில் வைத்துக்கொண்டு எல்லாப் பெண்குதிரைகளையும் அதனிடமே சேர்ப்பது அவருக்குப் பிடிக்காது. வீட்டில் ஒன்று நின்றால் செலவை மிச்சப்படுத்தும் ஆசை கண்ணை மறைத்துவிடும். ஒவ்வொரு பெண்குதிரைக்கும் தனித்தனியாக யோசித்து, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ரயிலிலும் கப்பலிலும் அனுப்பிவைத்தார். நொகாராவுக்கு முதல் தேர்வு தவறியபோதும் அவர் நினைத்த ரத்தத்தை விட்டு விலகவில்லை. அதே தாய் தகப்பனின் இன்னொரு மகனைப் பிடித்தார். தற்செயலை அவர் அறிவோடு பயன்படுத்தினார்.

நியார்கோ 1938 ஜூனில் பாரிஸ் கிராண்ட் பிரி பந்தயத்தில் அவ்வாண்டின் இங்கிலாந்து டெர்பி வெற்றியாளனையும் பிரெஞ்சு டெர்பி வெற்றியாளனையும் சேர்த்து வீழ்த்தியது. அந்த வாரத்திலேயே மார்ட்டின் பென்சன் என்ற லண்டன் பந்தயத் தரகர் அதை 60,000 பவுண்டுக்கு வாங்கினார். அக்காலத்தில் ஒரு பொலிகுதிரைக்கு அது மிகப் பெரிய விலை. இரண்டாம் உலகப்போரில் நியூமார்க்கெட்டின் மேல் விமானங்கள் பறந்தபோது, நியார்கோவுக்கென்று தனிப் பதுங்குகுழி கட்டினார்கள்.

டெசியோ 1954 மே மாதம் இறந்தார். அவர் கடைசியாகத் திட்டமிட்ட இணைகளில் ஒன்றின் குட்டியான ரிபோ அப்போது இன்னும் பந்தயத்துக்கு வரவில்லை. பிறகு 16 முறை ஓடி 16 முறையும் வென்றது.

கதை அங்கிருந்து கனடாவுக்குத் தாவுகிறது. மதுபானத் தொழிலதிபர் இ.பி. டெய்லர், 1952 டிசம்பரில் நியூமார்க்கெட்டில் லேடி ஏஞ்சலா என்ற பெண்குதிரையை 10,500 கினிக்கு வாங்கினார். அது அப்போது நியார்கோவின் குட்டியைச் சுமந்திருந்தது. குட்டி ஈன்றதும் மறுபடியும் நியார்கோவிடம் சேர்த்துத் தர வேண்டும் என்பது டெய்லரின் நிபந்தனை. முதல் குட்டி சோபிக்கவில்லை. இரண்டாவது குட்டி கனடாவில் 1954-இல் பிறந்த நியார்க்டிக். அதன் வேகம் பேசப்பட்டது. ஒரே தாய், ஒரே தகப்பன், அடுத்தடுத்த ஆண்டுகள்; பலன் இரண்டு விதம். பொலிகுதிரையைத் தேர்பவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், எந்த மரபுக்கூறு எந்தக் குட்டிக்குப் போகும் என்பது அவர்கள் கையில் இல்லை.

டெய்லரிடம் நடால்மா என்ற இன்னொரு பெண்குதிரையும் இருந்தது. 1958-இல் அமெரிக்காவின் சரடோகா ஏலத்தில் 35,000 டாலருக்கு வாங்கியது. அதன் தாய் அல்மஹ்மூத், அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட மஹ்மூத்தின் மகள். அதாவது மும்தாஜ் மஹாலின் வழி. 1960-இல் கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்துக்குச் சற்று முன் நடால்மாவின் முழங்கால் எலும்பில் சிதைவு. பந்தய வாழ்க்கை முடிந்தது. இணைசேர்ப்புப் பருவமும் முடியும் தறுவாயில் இருந்தது. ஓராண்டை வீணாக்க வேண்டாம் என்று, அந்த ஆண்டுதான் பொலிக்கு நிறுத்தப்பட்ட நியார்க்டிக்கிடம் பருவத்தின் கடைசியில் சேர்த்தார்கள்.

1961 மே 27 அன்று தாமதமாகப் பிறந்த குட்டி குள்ளமாக இருந்தது. ஒரு வயதில் 25,000 டாலருக்கு விலை சொல்லியும் வாங்க ஆள் இல்லை. அதுதான் நார்தர்ன் டான்சர். 1964 கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி முடித்துச் சாதனை படைத்தது.

வட அமெரிக்காவின் பெரும் பந்தயங்கள் மண் தடத்தில் நடப்பவை. நார்தர்ன் டான்சரின் புகழும் மண்ணில் கிடைத்தது. ஆனால் அதன் குட்டிகளை ஐரோப்பாவின் புல்வெளிகள்தான் கொண்டாடின. அயர்லாந்துப் பயிற்சியாளர் வின்சென்ட் ஓ’பிரையன் 1968-இல் டெய்லரின் பண்ணைக்குப் போனது ரிபோவின் மகன் ஒருவனைப் பார்க்க. அவன் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்ற நார்தர்ன் டான்சரின் மகன் கண்ணில் பட்டான். 84,000 டாலருக்கு வாங்கிய அந்தக் குட்டி நிஜின்ஸ்கி. 1970-இல் இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. அதன் பிறகு எந்தக் குதிரையும் அந்த மூன்றையும் சேர்த்து வென்றதில்லை.

அதற்குப் பின் நார்தர்ன் டான்சரின் ரத்தத்துக்காகப் பணம் ஆறாக ஓடியது. 1965-இல் 10,000 டாலராக இருந்த இணைசேர்ப்புக் கட்டணம் எண்பதுகளின் நடுவில் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 1983-இல் கென்டக்கி ஏலத்தில் அதன் மகன் ஸ்னாஃபி டான்சரைத் துபாயின் ஷேக் முகமது 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு வாங்கினார். அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிக்கு விட்டபோதும் போதிய குட்டிகளைத் தரவில்லை. இன்னொரு மகன் ரசீன் இந்தியாவுக்கு வந்து வடக்கே உஷா பண்ணையில் நின்று, இங்குள்ள பொலிகுதிரைகளில் முன்னணிக்கு வந்தது. கிண்டி உட்பட இந்திய ஓட்டத்தடங்கள் எல்லாவற்றிலும் அதன் வழிவந்தவை ஓடியிருக்கின்றன.

இன்று ஒரு பண்ணைக்காரர் தன் பெண்குதிரைக்குத் துணை தேடும்போது ஐந்து தலைமுறை அச்சிட்ட தாளை எதிரே வைத்துக்கொள்கிறார். தாளை மடித்துவிட்டுக் குதிரையையும் நேரில் பார்க்கிறார். முழங்கால் பின்னோக்கி வளைந்த பெண்குதிரை என்றால் அதே குறையுள்ள பொலிகுதிரையைத் தவிர்க்கிறார். உடல் சிறுத்திருந்தால் எலும்பு கனத்த குதிரையைப் பார்க்கிறார். முரட்டுக் குணத்துக்கு முரட்டுக் குணம் சேரக் கூடாது. அந்தப் பொலிகுதிரையின் குட்டிகள் புல்லில் எப்படி ஓடுகின்றன, மழையில் நெகிழ்ந்த தரையில் தளர்கின்றனவா, எந்த வயதில் முதிர்கின்றன, எத்தனை ஃபர்லாங் தாங்குகின்றன என்று முடிவுப் பட்டியல்களைப் புரட்டுகிறார். கடைசியில் கட்டணத்தைப் பார்த்துப் பாதிப் பெயர்களை அடிக்கிறார்.

2010-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் எமலின் ஹில் குழு இந்தத் தாளில் இன்னொரு வரியைச் சேர்த்தது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை இரட்டையாக இருந்தால் குறுந்தூர வேகம். மற்றது இரட்டையாக இருந்தால் நெடுந்தூரத் தாக்குப்பிடிப்பு. இரண்டும் ஒவ்வொன்றாக இருந்தால் நடுத்தரத் தூரம். 2012-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, அந்த வேக வகை சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் வாழ்ந்த ஒரேயொரு பெண்குதிரையிடமிருந்து இந்த இனத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றது. அண்மைக் காலத்தில் அதைப் பரப்பிய குதிரைகளின் வரிசையில் நின்றவை நியார்க்டிக்கும் அதன் மகன் நார்தர்ன் டான்சரும். மும்தாஜ் மஹாலின் மகள்களுக்கு நெடுந்தூரக் குதிரைகளைத் தேடியவர்கள் மரபணுவின் பெயர் தெரியாமலே இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த உத்தி நவீன காலத்தில் பளிச்சென்று பலித்தது அர்பன் ஸீ என்ற பெண்குதிரையிடம். 1993-இல் பாரிஸின் ஆர்க் பந்தயத்தை யாரும் எதிர்பாராமல் வென்ற குதிரை அது. நார்தர்ன் டான்சரின் மகனும் 14 முறை முதலிடம் பிடித்த பொலிகுதிரையுமான சாட்லர்ஸ் வெல்ஸிடம் சேர்த்தபோது கலிலியோ பிறந்தது. 2001 டெர்பியை வென்று, பிறகு 12 முறை பொலிகுதிரைகளில் முதலிடம் பெற்றது. ஒரு மைல் ஓட்டக்காரனான கேப் கிராஸிடம் சேர்த்தபோது ஸீ தி ஸ்டார்ஸ் பிறந்தது. 2009-இல் இரண்டாயிரம் கினி, டெர்பி, ஆர்க் மூன்றையும் வென்றது. தகப்பன்கள் வேறு, தாய் ஒன்று.

ஃபிராங்கலின் பிறப்பும் இதே வகை. சவுதி இளவரசர் காலித் அப்துல்லாவின் பண்ணையில் இருந்த கைண்ட் குறுந்தூரக்காரி. ஒன்றரை மைல் வெற்றியாளனான கலிலியோவிடம் அதை அனுப்பினார்கள். 2008-இல் பிறந்த ஃபிராங்கல் 14 முறை ஓடி 14 முறையும் வென்றது. அதன் ஐந்து தலைமுறைத் தாளில் நார்தர்ன் டான்சர் தந்தைவழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய்வழியில் நான்காம் தலைமுறையிலும் நிற்கிறது. கைண்டின் தகப்பன் டேன்ஹில் இன்னும் நெருக்கம்: அதன் இருபுறமும் மூன்றாம் தலைமுறையில் நடால்மா.

இந்த நெருக்கம் இன்று வளர்ப்பாளர்களைக் கவலைப்பட வைக்கிறது, வைக்கவும் வேண்டும். முன்பு ஒரு பொலிகுதிரைக்கு ஒரு பருவத்தில் நாற்பது, ஐம்பது பெண்குதிரைகள். சினைப்பருவத்தை ஸ்கேன் மூலம் துல்லியமாகக் கணிக்கத் தொடங்கிய பிறகு நூற்றைம்பது, இருநூறைத் தாண்டுகிறது. ஐரோப்பாவில் பருவம் முடிந்ததும் விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கும் அதே வேலை. செயின்ட் சைமன் காலத்தில் ஒரு நாட்டுக்கு நேர்ந்தது இப்போது உலகுக்கே நேரக்கூடும். அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-இல், அந்த ஆண்டு முதல் பிறக்கும் பொலிகுதிரைகளுக்கு ஆண்டுக்கு 140 பெண்குதிரைகள் என்று வரம்பு விதித்தது. பெரும் பண்ணைகள் வழக்குப் போட்டன. 2022-இல் வரம்பு திரும்பப் பெறப்பட்டது.

கலிலியோவின் மகள்களை ஏராளமாக வைத்திருந்த அயர்லாந்தின் கூல்மோர் பண்ணை வேறு வழி பார்த்தது. ஜப்பானில் நின்ற டீப் இம்பாக்ட்டிடம் அவற்றை அனுப்பியது. டீப் இம்பாக்ட்டின் தகப்பன் சண்டே சைலன்ஸ் 1989 கென்டக்கி டெர்பி வெற்றியாளன். அதன் தாய்வழி எடுப்பாக இல்லை என்று அமெரிக்க வளர்ப்பாளர்கள் ஒதுங்கியபோது ஜென்யா யோஷிடா ஜப்பானுக்கு வாங்கிப்போனார். அங்கே அதன் வழி பெருகியது. கலிலியோவின் மகள் ரோடோடெண்ட்ரனுக்கும் டீப் இம்பாக்ட்டுக்கும் பிறந்த ஆகஸ்ட் ரொடான் 2023-இல் இங்கிலாந்து டெர்பியை வென்றது. புது ரத்தம் என்று தேடிப்போன அந்த இணையின் தாளை விரித்துப் பார்த்தால், டீப் இம்பாக்ட்டின் தாய் நார்தர்ன் டான்சரின் பேரனான அல்சாவோவின் மகள். சண்டே சைலன்ஸின் தகப்பன் ஹாலோவைப் பெற்ற காஸ்மா, நடால்மாவின் உடன்பிறப்பு. இரண்டுக்கும் தாய் 1947-இல் பிறந்த அல்மஹ்மூத். கூல்மோர் பாதி உலகம் தாண்டி அனுப்பிய பெண்குதிரையும், அங்கே காத்திருந்த பொலிகுதிரையும் அந்த ஒரு பாட்டியின் வழியில் உறவினர்களே.